மூன்றாவது பழுது

1

நான் அண்ணா வீட்டை விட்டு வெளியேறி, மொன்றியலின் மேற்குப் பக்கம் நோத்ர-டாம்-த-கிரேஸில் தனி அறை எடுத்ததற்கு ஊரில் மூன்று காரணங்கள் உலாவுவதாகச் சித்தி எழுதியிருக்கிறார். ஒன்று: நான் ஒரு வெள்ளைக்காரனை விரும்புகிறேன். இரண்டு: அண்ணிக்கும் எனக்கும் குசினியில் ஒத்துவரவில்லை. மூன்று: வெளிநாட்டுக்குப் போன பெண்பிள்ளைகள் எல்லாரும் கடைசியில் இப்படித்தான்.

முதல் இரண்டும் பிழை. மூன்றாவதற்கு நான் பதில் சொல்ல முடியாது. எல்லாரையும் எனக்குத் தெரியாது.

உண்மைக் காரணம் போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, நெடுஞ்சாலை ஓரத்தில் நடந்தது. இந்த வாரத்தோடு ஒரு வருடம். விமானம் திருத்தும் தொழிலில் முதலில் பழக்குவது, நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுவதைத்தான். இன்ன நேரம், இன்ன பழுது, இன்ன காரணம், என்ன செய்தோம். கோபத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

2

அண்ணா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஊரைவிட்டுப் போனார். அதற்கு முந்திய அண்ணாவை நினைத்தால் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெய் மணமும்தான் வரும். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம். மருந்தேற்றும் ஊசிக்குழாயில் நாலு சொட்டுப் பெற்றோல் எடுத்து எஞ்சினுக்குள் விட்டு, உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. "இப்ப!" என்பார். அழுத்துவேன். வெள்ளைப் புகை வரும். மேலே குண்டுவீசும் பொம்மரின் சத்தம் கேட்டால் சைக்கிளை அப்படியே சரித்துவிட்டு, என் தலையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடுவார்.

எட்டு வருடம் கழித்து நானும் மொன்றியல் வந்து சேர்ந்தேன். வந்த விதம் இந்தக் கதைக்கு வேண்டாம். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி. அண்ணா, அண்ணி, இரண்டு வயது மகள் ஆரணி, நான். அண்ணாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், "வாணி, அங்கை பிளேன் திருத்துற பள்ளிக்கூடத்துக்கு ஆள் எடுக்கினமாம். நீ ஏன் போகக்கூடாது?" என்று கேட்டார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னதுதான்.

பிரெஞ்சில் மூன்று வருடப் படிப்பு. முதல் வருடம் முழுவதும் வகுப்பில் மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்தேன், காரணம் விளங்காமலே. ஒரு பிறந்தநாள் வீட்டில் உறவுக்காரர் ஒருவர், "பெட்டை பிளேனுக்குக் கீழை படுக்கப் போறாளாம்" என்று நக்கலடித்தார். அண்ணா கோழிக்காலைக் கடித்தபடியே சொன்னார்: "படுக்கட்டுமன். நீங்கள் மேலை இருந்து பயமில்லாமல் போகலாமெல்லே." அதற்குப் பிறகு யாரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. இரும்பு முனை வைத்த என் முதல் வேலைச் சப்பாத்து அண்ணா வாங்கித் தந்தது. ஒரு அளவு பெரிது. இரண்டு காலுறை போட்டுக்கொண்டு நடந்தேன்.

இதை எழுதாமல் அந்தச் சனிக்கிழமையை மட்டும் எழுதினால் அறிக்கை குறையுள்ளதாகிவிடும்.

3

வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வயதான கிரேக்கர். கட்டடத்தின் பின் ஒழுங்கையில் அவருடைய முப்பது வருடப் பழைய மோட்டர்ஹோம் ஒன்று நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, கழுவுதொட்டி, மடிக்கிற மேசை எல்லாம் இருக்கிற நீண்ட வண்டி. அவர் தன் மகள் வீட்டுக்குக் குடிபோகும்போது, இதை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும் என்று அண்ணாவிடம் திறப்பைக் கொடுத்துவிட்டார். அண்ணி அதற்கு 'வீட்டு வான்' என்று பெயர் வைத்தார்.

இரண்டு கோடை காலம் நானும் அண்ணாவும் அதற்குக் கீழேயே கிடந்தோம். எஞ்சின் இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில், ஒரு பெரிய மூடியின் கீழ் இருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே இருந்தபடியே வேலை செய்யலாம். அண்ணாவுக்கு எஞ்சினில் கை இருந்தது, ஒழுங்கு இருக்கவில்லை. கழற்றிய நட்டுகளைச் சட்டைப்பைக்குள் போடுவார். அவை உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள் கிடந்து கடகடக்கும். அண்ணி சத்தம் போடுவார். நான் எங்கள் விமானக் கொட்டகைப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன்: எதைக் கழற்றினாலும், வொஷரையும் நட்டையும் கழற்றிய அதே தண்டில் திரும்பப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். அப்போது தொலையாது, மாறாது, மறக்காது. "இதென்ன கோயில் விரதமோ?" என்று சிரித்தார். ஆனால் பழகிக்கொண்டார். அதற்குப் பிறகு தோய்க்கிற மெசின் சத்தம் போடவில்லை.

உடல் முழுக்கத் துருப்பிடித்த வண்டி ஆகையால், தீப்பொறி கொடுக்கும் பெட்டிக்குச் சரியான ஏர்த் கிடைக்கவில்லை. அந்த வசந்தத்தில் நான் அதற்கென்று தனியாக ஒரு வயர் இழுத்து, எஞ்சினுக்குப் பின்னால் தாழ்வான ஒரு இடத்தில் பூட்டினேன். கையால் தடவித்தான் கண்டுபிடிக்கலாம். அது கழன்றால் தீப்பொறி வராது, எஞ்சின் எரியாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் அந்த வயர் கிடையாது. நான் பூட்டும்போது அண்ணா கைவிளக்குப் பிடித்தார்.

4

இப்போது எனக்கு அன்று என்ன தேவைப்பட்டது என்பது.

டோர்வலில் நான் வேலை செய்யும் கொட்டகை மிகப் பெரியது. பெரிய இடத்தில் ஒருவருக்கு ஒரு மூலைதான். இரண்டு வருடமாக நான் பயணிகள் இருக்கையின் வயர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உரிமம் எடுக்கவேண்டுமானால் எஞ்சின், சக்கரம், இறக்கை, கட்டுப்பாட்டுக் கம்பி என்று எல்லா வகை வேலையும் செய்து, மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு பதிவுப் புத்தகத்தை நிரப்பவேண்டும். என் புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் வெறுமை. உரிமம் இல்லாவிட்டால் எத்தனை வருடம் போனாலும் நான் வேறொருவரின் கையெழுத்துக்குக் காத்து நிற்கிற ஆள்தான்.

வடக்கே, ஜேம்ஸ் குடாப் பக்கம், தண்ணீரிலும் பனியிலும் இறங்கும் சிறு விமானங்களைத் திருத்துகிற கொட்டகை ஒன்றுக்கு ஒரு ஆள் தேவை என்று என்னோடு படித்த ஒருத்தி சொன்னாள். மொத்தம் நாலு பேர் வேலை செய்கிற இடம். எல்லாரும் எல்லா வேலையும் செய்யவேண்டும். இரண்டு வருடத்தில் புத்தகம் நிரம்பிவிடும். அதை நடத்துபவர் பெயர் ஜீல். தொலைபேசியில் சுருக்கமாகக் கதைத்தார். ஆவணியில், ஆற்றின் வடகரையில் ஒரு சிறு விமானத்திடலில் பழைய விமானக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள், தானும் பறந்து வருவேன், சனிக்கிழமை மூன்று மணிவரை நிற்பேன், ஆளைப் பார்த்துத்தான் எடுப்பேன், அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டுப் போவேன் என்றார்.

வீட்டில் சொன்னேன். அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. அண்ணா கேட்டார்:

"எப்பிடிப் போகப் போறாய்?"

"பஸ்ஸிலை போய், அங்காலை டாக்சி."

"ஏன்? வீட்டு வான் நிக்குது. எல்லாருமாப் போவம். பிள்ளையும் பிளேன் பாக்கட்டும். உன்னைக் கொண்டுபோய் அந்தாளுக்கு முன்னாலை நிப்பாட்டுறது என்ர பொறுப்பு."

அதை நம்பி பஸ் பதிவை விட்டுவிட்டேன். அந்த நாட்களில் மாலையில் அம்மாவை ஊரிலிருந்து இங்கே கூப்பிடுகிற படிவங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒட்டாவாவில் மத்திய அரசுக்கு ஒரு கட்டு, கியூபெக் மாகாணத்துக்கு வேறொரு கட்டு. ஒன்று ஆங்கிலம், மற்றது பிரெஞ்சு. இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்கும், ஆனால் ஒன்றில் எழுதிய பதிலை மற்றது ஏற்காது. அம்மாவின் பிறந்த இடத்தை நாலு விதமாக எழுதியிருக்கிறேன்.

5

முதலாவது பழுது. காலை ஒன்பதரை. நகரத்தைத் தாண்டி முக்கால் மணி நேரம். நான் ஓட்டினேன். எஞ்சின் சத்தமில்லாமல் நின்றது. திறப்பைத் திருப்பிப் பிடித்தால் எரிகிறது, விட்டால் நிற்கிறது. இந்த வகை வண்டிக்கு அது தெரிந்த நோய். வெள்ளைப் பீங்கானில் சுண்டுவிரல் அளவு ரெசிஸ்டர் ஒன்று வெடித்திருந்தது. மாற்றுத் துண்டு பெட்டிக்குள் இருந்தது. பன்னிரண்டு நிமிடம். குறிப்புக் கொப்பியில் எழுதினேன். அண்ணா தோளில் தட்டி, "டொக்டர் வந்திட்டா" என்றார்.

இரண்டாவது பழுது. பத்து ஐம்பது. ரேடியேற்றர் குழாயில் கீறல், சுடுதண்ணீர் பீறி, உள்ளே முழுக்க ஆவி. அண்ணி, ஆரணியை இழுத்துக்கொண்டு புல்லுக்குள் பாய்ந்தார். குழாயை வெட்டிக் குறுக்கிப் பூட்டலாம், ஆனால் தண்ணீர் வேண்டும், இறுக்குகிற வளையம் ஒன்று வேண்டும். வந்த வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தையும் அதோடு ஒட்டிய தெப்பனர் எனும் சில்லறைக் கடையையும் கண்ட ஞாபகம். இருபது நிமிட நடை.

"நான் போறன்" என்றேன்.

"ஓம், நீதான் போகோணும். நான் போய் என்னத்தைக் கேக்கிறது?" என்றார் அண்ணா. "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. இஞ்சை வெயிலுக்கை நிண்டு அவிஞ்சு போவாள். நாங்கள் வாகனத்தைப் பாக்கிறம்."

ஆரணிக்கு அப்போது ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் இருவருக்கும் அது பழகிவிட்டது.

"வடக்கிலை கரடி இருக்குதோ மாமி?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இருக்கும்."

"நீங்கள் போனால் எனக்கு ஆர் கணக்குச் சொல்லித் தாறது?"

"போனிலை சொல்லித் தாறன்."

ஒரு கல்லைக் காலால் உதைத்துக்கொண்டு வந்தாள். "நீங்கள் போகமாட்டீங்கள். அப்பா சொன்னவர்."

பிள்ளை தன் ஆசையைச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு நிறம் போட்ட ஐஸ்பானம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நாக்கு நீலமாகிவிட்டதை வழிநெடுக எனக்குக் காட்டிக்கொண்டு வந்தாள்.

6

திரும்பி வந்து குழாயைப் பூட்டி, தண்ணீர் விட்டு, பன்னிரண்டு மணிக்குத் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது. எரியவில்லை.

இது மூன்றாவது.

பழுது தேடுவதற்கு ஒரு விதி உண்டு: கடைசியாகக் கை பட்டது எதுவோ அங்கிருந்து தொடங்கு. கடைசியாகக் கை பட்டவை, எனக்குத் தெரிந்த அளவில், இரண்டு. காலையில் மாற்றிய ரெசிஸ்டர், இப்போது பூட்டிய குழாய். ரெசிஸ்டரைக் கழற்றிச் சோதித்தேன். நல்லாயிருந்தது. தீப்பொறி வருகிறதா பார்த்தேன். இல்லை.

"ஆவி அடிச்சதெல்லே, அந்த மூடிக்குள்ளை தண்ணி போயிருக்கும்" என்றார் அண்ணா.

நியாயமான யோசனை. தீப்பொறியைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, அண்ணியின் துவாயால் துடைத்து, வெயிலில் காயவைத்து, உள்ளே ஊதி, திரும்பப் பூட்டினேன். எரியவில்லை. நான் எஞ்சினுக்குள் குனிந்திருக்க, அண்ணா ஓட்டுநர் இருக்கையில் இருந்து திறப்பைத் திருப்பித் திருப்பிச் சுற்றினார். "போதும் அண்ணா, பற்றறி இறங்கிவிடும்" என்றேன். "இன்னும் ஒருக்கா பாப்பம்" என்றார். இன்னும் ஒருக்கா. இன்னும் ஒருக்கா. ஒன்றேகாலுக்குப் பற்றறி செத்தது.

அண்ணாவின் கைத்தொலைபேசியில் ஜீலின் இலக்கத்துக்கு எடுத்தேன். என்னிடம் இருந்தது வடக்கில் இருக்கும் கொட்டகையின் இலக்கம்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கை காட்டி வாகனம் மறித்து நான் தனியே போகட்டுமா என்று கேட்டேன். "தெரியாத ஆக்களின்ர வாகனத்திலை நீ ஏறுறதை நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? பொறு. வரும்" என்றார் அண்ணா. அண்ணி மீன் ரோல் ஒன்றைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். "சாப்பிடும் வாணி. பசியோடை வேலை செய்யாதையும்." நான் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்குச் சற்று முன் ஒரு லொறிக்காரர் நிறுத்தினார். பெரிய வயிறு, நல்ல மனிதர். வயர் தொடுத்துத் தன் பற்றறியிலிருந்து எங்கள் பற்றறிக்கு உயிர் கொடுத்தார். தன் தகப்பனிடமும் இப்படி ஒரு வண்டி இருந்தது என்று அண்ணாவிடம் நீளமாகக் கதை சொன்னார். அண்ணா எல்லாவற்றுக்கும் "உய், உய்" என்று ஆமாம் போட்டார். பற்றறி வந்துவிட்டது. எஞ்சின் சுற்றியது. தீப்பொறி இல்லை.

லொறிக்காரர் போனபிறகு, நான் இரண்டு மணி நேரமாகத் தொடாத ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. என் சொந்த வேலை. நான் இழுத்த ஏர்த் வயர். அதை நான் கடைசிவரைக்கும் சந்தேகிக்கவில்லை. இறுக்கியது நான், இழுத்துப் பார்த்தது நான். அது என் குறைதான், எழுதிவைக்கிறேன்.

எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். தண்டு இருந்தது. தண்டில் வொஷர் இருந்தது. வொஷருக்கு மேல் நட்டு, இரண்டு சுற்று. வயர் இல்லை. வயரின் நுனி, பின்னால் மற்றக் கம்பிகளுக்குள் மடித்துச் செருகப்பட்டிருந்தது.

குலுக்கம் நட்டைக் கழற்றும். அதை நான் நூறு தடவை கண்டிருக்கிறேன். கழற்றியபிறகு வொஷரைப் போட்டு, நட்டைப் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிவிடாது.

7

கையை வெளியே எடுத்துத் துடைத்தேன். ஆரணி பின் கட்டிலில் நித்திரை. அண்ணா கதவடியில் நின்றார்.

"அண்ணா, ஏர்த் வயர் கழண்டு கிடக்குது."

"கழண்டிருக்கும். பழைய வாகனமெல்லே. குலுக்கத்திலை..."

"சரி, வயர் கழண்டிருக்கலாம். நட்டைத் திருப்பிப் பூட்டினது ஆர்?"

ரோட்டைப் பார்த்தார். இரண்டு மூன்று கார்கள் போயின.

"துலைஞ்சு போமெண்டு பூட்டினனான்" என்றார். "நீதானே அப்பிடிச் செய்யச் சொன்னனீ."

அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சத்தம் போட வசதியாக இருந்திருக்கும்.

அண்ணிதான் முதலில் வாய் திறந்தார், என்னிடம் அல்ல. "இஞ்சருங்கோ, நான் அப்பவே சொன்னனான், அவ கண்டுபிடிப்பா எண்டு."

"அண்ணிக்கும் தெரியுமோ?"

"உம்மட நன்மைக்குத்தான் வாணி. அந்தக் குளிருக்குள்ளை, நாலு ஆம்பிளையளுக்கு நடுவிலை, ஒரு குமர்ப்பிள்ளை..."

"அது காரணமில்லை, அண்ணி."

அண்ணி கையில் இருந்த துவாயை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "சரி, காரணத்தைச் சொல்லட்டோ? உம்மட அம்மாவின்ர பேப்பர் பாதியிலை நிக்குது. நாளைக்குக் கியூபெக்கிலை இருந்து கடிதம் வந்தால் ஆர் வாசிக்கிறது? ஆரணி வாசிப்பாள், வாசிச்சதை அவளுக்குத் தமிழிலை சொல்லத் தெரியாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ர வருத்தத்தை ஆர் சொல்லுறது? பள்ளிக்கூடத்திலை கூப்பிட்டால் ஆர் போறது? இவருக்குப் பதினாலு வருஷமாப் பிரெஞ்சிலை 'உய்'யும் 'மெர்சி'யும்தான். நீர் போனால் இந்த வீட்டிலை வாய் இருக்கிற ஆள் ஒருத்தரும் இல்லை. சொல்லும், நாங்கள் என்ன செய்யிறது?"

அண்ணா அண்ணியை நிறுத்தவில்லை. தனக்காகச் சொல்லப்பட்டதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"போகாதை எண்டு எனக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொன்னால் நிண்டிருப்பியோ?"

யோசித்தேன். "இல்லை. போயிருப்பன்."

"அதுதான்."

பிறகு, நான் கேட்காமலே, "அம்மாவும் போனிலை சொன்னவ. எப்பிடியாவது மறி எண்டு" என்றார். தன் பாரத்தில் ஒரு பகுதியை இறக்கிவைத்த மாதிரி இருந்தது அவர் குரல்.

ஆக, தெரிந்தவர்கள்: அண்ணா, அண்ணி, அம்மா. நீல நாக்கோடு நித்திரையாயிருக்கிற ஆரணிக்கும் பாதி தெரியும். தெரியாமல் இருந்தது வண்டிக்குக் கீழே கிடந்தவளுக்கு மட்டும்.

நட்டைக் கழற்றி, வயரின் கண்ணைத் தண்டில் மாட்டி, வொஷரும் நட்டும் போட்டு இறுக்கினேன். நாலு நிமிடம் ஆகவில்லை. முதல் திருப்பிலேயே எரிந்தது. மணி இரண்டு நாற்பது. திடலுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அண்ணா, "திரும்பி வீட்டை போவமோ?" என்று மெல்லக் கேட்டார். நான் முன்னுக்கு ஓட்டினேன்.

8

நாலு மணி. புல்வெளி முழுக்க விமானங்கள். துணி இறக்கை, மர உந்தி, மஞ்சளும் சிவப்பும். இறக்கையின் நிழலில் மடக்குக் கதிரை போட்டு, கிழவர்கள் பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நுழைவாயில் மேசையில் இருந்த பெண்ணிடம் ஜீலைக் கேட்டேன். கிழக்கே மழை கட்டுகிறது என்று மூன்றே காலுக்கு எழும்பிப் போய்விட்டார் என்றார். "உங்கள் பெயரைக் கேட்டு இரண்டு தடவை வந்தார். எனக்கு உச்சரிக்க வரவில்லை. வா... வானி?" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தார். ஓம், அதுதான் என்றேன்.

அந்தப் புல்லில் அன்று எங்கள் வீட்டு வானுக்குத்தான் மதிப்பு. நாலைந்து பேர் சுற்றிவந்து பார்த்தார்கள். எப்படி ஓடவைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கிழவர் அண்ணாவைக் கேட்டார். அண்ணா என்னைக் காட்டி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "மா சேர், மா சேர்" என்றார். என் தங்கை, என் தங்கை. உண்மையான பெருமையோடுதான் சொன்னார். கிழவர் என்னிடம் ஏதோ பாராட்டாகச் சொல்ல, அண்ணா ஆவலோடு, "என்னவாம்?" என்றார்.

"நல்ல வாகனமாம்."

அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து பழைய போர் விமானம் ஒன்று தாழப் பறந்து வந்தது. காட்டுவதற்காகத்தான். மரங்களின் உச்சியை உரசுமளவு தாழ, முழு வேகத்தில். கூட்டம் கைதட்டியது. நாங்கள் மூன்று பேரும் புல்லில் குந்தியிருந்தோம். எப்போது குந்தினோம் என்று தெரியாது. ஆரணி மட்டும் நிமிர்ந்து நின்று, வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி எங்களைப் பார்த்து, பிரெஞ்சில், "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்றாள்.

அண்ணாவின் கை என் தலையின் மேல் இருந்தது. பத்து வயதில் அமுக்கின அதே இடத்தில், அதே மாதிரி.

நான் அந்தக் கையை எடுத்துவிட்டு எழும்பினேன்.

9

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல், வீட்டுக் குசினியில் இருந்த தொலைபேசியில் வடக்குக்கு எடுத்தேன். அண்ணாவுக்குப் பின்னேர வேலை. அவரும் வீட்டில் இருந்தார். தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். கதைத்தது முழுக்கப் பிரெஞ்சில்.

வரமுடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். வழியில் வண்டி நின்றுவிட்டது என்றேன்.

"என்ன பழுது?" என்று கேட்டார் ஜீல். தொழிற்காரர் தொழிற்காரரைக் கேட்கிற கேள்வி அது. அதற்கு முழுமையாகப் பதில் சொல்லவேண்டும்.

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. முதலாவது உண்மை. அதைச் சொன்னால், அண்ணா எங்களுக்குத் தெரியாத ஒரு மனிதரின் வாயில், தன் தங்கையை மறிக்க வண்டியைக் கெடுத்த ஆளாக ஆகிவிடுவார். விமானத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சமையற்கூடத்துக்குச் செய்தி போக ஒரு கிழமை கூட எடுக்காது. கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் கெடுத்தவருக்காக நான் ஏன் இதை யோசித்தேன் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான்.

"ஏர்த் வயர் ஒன்று கழன்றிருந்தது" என்றேன்.

"யார் பூட்டியது?"

"நான்."

அவர் பக்கம் எங்கோ ஒரு விமானம் எழும்புகிற சத்தம் கேட்டது. பிறகு அன்பாகவே சொன்னார். சனிக்கிழமை நேரத்துக்கு வந்த இன்னொருவருக்கு இடத்தைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இங்கே ஒருவர் பூட்டுவது கழன்றால் கீழே இருப்பது ரோடு அல்ல, குளிர்ந்த தண்ணீர் என்றார். அதற்குப் பிறகு, "ஆனால் நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. பெரும்பாலும் எல்லாரும் வண்டியைத்தான் குறை சொல்வார்கள்" என்றார்.

மெர்சி என்று நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அதுவரை நான் எழுதிய அறிக்கைகளில் ஒன்றில்கூடப் பொய் கிடையாது. என் சொந்த வேலையைப் பற்றி நான் சொன்ன முதல் பொய், என் வேலை கெட்டது என்பதுதான்.

அண்ணா தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்தார். இரண்டு நாளாக என்னை நேராகப் பார்க்காதவர், இப்போது பார்த்தார்.

"என்னவாம்?"

"வேறை ஆள் எடுத்தாச்சாம்."

"உன்னைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ? கன நேரம் கதைச்சவர்."

"நான் நேர்மையான பிள்ளையாம்."

அண்ணாவின் முகம் முழுக்க மலர்ந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார். "பாத்தியே?" என்றார். "அது எங்கடை வீட்டுப் பழக்கமெல்லே."

தேநீரைக் குடித்து முடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். பிறகு அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வீட்டில் எனக்குச் சொந்தமானவை எவை எவை என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன்.